உம் கொட்டியது யார்?

ஜூலை 20

பழைய நாட்குறிப்பின் நடுப்பக்கத்தைக் கிழித்து மாமி தையல்காரிக்கு ஜாக்கெட் அளவு எழுதிக் கொடுத்துவிட்டார். கேட்டால், எழுதாத பக்கம்தானே என்கிறார். ஆகையால் இது புது நோட்டு. இதை என் சேலைகளுக்கு அடியில் வைக்கப் போகிறேன்.

என் கணவர் கஸ்பார் கப்பலேறி இரண்டு மாதம் ஆகிறது. எம்.வி. நீலமணி, மூன்றாம் இன்ஜினியர். இந்தோனேசியாவில் நிக்கல் மண்ணை ஏற்றிக்கொண்டு போய்ச் சீனாவில் இறக்கும் கப்பல். அந்தக் கம்பெனியின் எல்லாக் கப்பல்களுக்கும் கரைக்கும் நடுவே செயற்கைக்கோள் வழியாகச் செய்திகளைக் கொண்டுபோகும் மென்பொருள் எங்கள் அலுவலகத்துடையது. பாளையங்கோட்டை சாலையில் ஒரு டயர் கடைக்கு மேல் உட்கார்ந்து நாங்கள் ஏழு பேர் செய்கிறோம். அந்தக் கம்பெனியின் வேலையை நானே வேலாயுதம் சாரிடம் கேட்டு வாங்கிக்கொண்டேன். காரணத்தை நான் சொல்லவில்லை, அவரும் கேட்கவில்லை.

இன்று சாப்பிடும்போது மாமிக்கு என் வேலையை விளக்கினேன். கதை சொல்லும்போது எதிரே இருப்பவர் உம் கொட்டுவார் இல்லையா, அதுதான். கரையிலிருந்து கப்பலுக்கு ஒரு செய்தி போகும். கிடைத்தது என்பதற்குக் கப்பல் ஓர் உம் கொட்டும். செய்தி கிளம்பியதிலிருந்து உம் வந்து சேரும் வரைக்கும் எவ்வளவு நேரம் என்று அளக்க வேண்டும். நேரம் கூடினால் வழியில் நெரிசல், மெதுவாக அனுப்பு. குறைந்தால் வழி காலி, தாராளமாக அனுப்பு. இதை நொடிக்குப் பலமுறை கணக்குப் போடும் நிரலைத்தான் நான் எழுதுகிறேன்.

மாமி மீன் முள்ளை எடுத்துக்கொண்டே, "இதுக்கா மாசாமாசம் சம்பளம் தாராவ?" என்று கேட்டார்.

ஜூலை 21

நீலமணி இன்று 597. கொஞ்ச நேரம் கழித்து 611. நொடியை ஆயிரம் கூறாக்கினால் அதில் இத்தனை கூறு. அரை நொடிக்குச் சற்று மேல். வீட்டில் இருக்கும்போது கஸ்பார் உம் சொல்ல இதைவிட அதிக நேரம் ஆகும். தினமும் காலையில் கணினியைத் திறந்ததும் நான் பார்க்கும் முதல் எண் இது. ஒரு தடவை பார்த்துவிட்டால் அன்றைக்கு வேலை ஓடும்.

ஜூலை 23

மும்பையிலிருந்து புகார்மேல் புகார். ஒரு வாரமாக எல்லாக் கப்பல்களிலும் இணைப்பு ஆமை வேகம், ஒரு வரைபடம் போய்ச் சேரக் கால் மணி நேரம் ஆகிறதாம். வேலாயுதம் சார் என் மேசைக்கு அருகில் வந்து நின்று இருமினார். அவர் திட்டுவதற்குப் பதில் இருமுவார்.

காலை முழுக்கத் தேடினேன். மதியம் பிடித்துவிட்டேன். அளந்த நேரங்களில் நடுநடுவே 38 என்று வருகிறது. 38! செயற்கைக்கோள் அவ்வளவு உயரத்தில் இருக்கிறது. ஒளியே போய்வர 480 ஆகும். அதற்குக் குறைவாக ஓர் உம் வரவே வராது. வந்தால் அது பொய். எங்கள் நிரலோ அளந்ததில் மிகச் சிறியதைத்தான் வழியின் உண்மையான நீளம் என்று நம்பும். 38-ஐ நம்பி, வழக்கமான 600-ஐப் பெரிய நெரிசல் என்று நினைத்து, குட்டித் தெருவில் வண்டி விடுவதுபோல் ஒவ்வொரு செய்தியாக விட்டுக்கொண்டிருந்தது.

ஒரே ஒரு வரி சேர்த்தேன். 480-க்குக் கீழே வரும் எதையும் கணக்கில் எடுக்காதே, தூக்கி எறி. ஐந்து மடங்கு வேகம். சார் எல்லாருக்கும் பிரியாணி வாங்கிக் கொடுத்தார்.

காயல்பட்டினத்திலிருந்து வரும் பர்வீன் மட்டும், கையில் எலும்போடு ஒரு கேள்வி கேட்டாள். "அந்த முப்பத்தெட்ட அனுப்புறது யாருக்கா?"

ஏதாவது கோளாறாக இருக்கும் என்றேன். செயற்கைக்கோள்காரர்களுக்கு எழுதிக் கேட்கட்டுமா என்றாள். கேள் என்றேன். அவளுக்கு வேலை கம்மி.

ஜூலை 24

கஸ்பாரின் செய்தி வந்தது. கப்பல் ஆட்கள் வீட்டுக்குப் பேச கம்பெனியே ஒரு செயலி வைத்திருக்கிறது. வாரம் ஒருமுறை எழுத விடுவார்கள். அப்படியே இங்கே எழுதி வைக்கிறேன்.

"இங்க ஒரே மழ. மழையோட மழையா ஏத்துதாவ. மண்ணு களி மாதிரி கெடக்கு, கால வச்சா முட்டி வர போவுது. கடல்ல ஆடுனா மண்ணு ஒரு பக்கமா ஓடி கப்பலயே சாச்சிரும், இதோட போகக் கூடாதுன்னு சீஃப் ஆபீசர் சண்ட போட்டாரு. மும்பைல கேக்கல. 26 கிளம்புதோம். கொடியேத்தத்த வீடியோ எடுத்து அனுப்பு. அம்மாட்ட மண்ணு கதய சொல்லாத."

மாமியிடம் மண் கதையைச் சொல்லவில்லை. நன்றாகச் சாப்பிடுகிறாராம் என்று மட்டும் சொன்னேன். மாமி நம்பவில்லை, அவர் மகன் எங்கேயும் நன்றாகச் சாப்பிட்டது கிடையாதாம்.

ஜூலை 26

பனிமய மாதா கோயில் கொடியேற்றம். வெயில் மண்டையைப் பிளந்தது. மாமியும் நானும் கூட்டத்தில் நசுங்கினோம். எப்படியோ கொடி உச்சிக்குப் போவதைப் படமெடுத்துவிட்டேன். நடுவில் யாரோ ஒருவருடைய குடை தெரிகிறது. பரவாயில்லை.

வீட்டுக்கு வந்ததும் கஸ்பாருக்கு அனுப்பினேன். விரலை எடுப்பதற்குள் 'சேர்ந்தது' என்று காட்டியது. முழு வீடியோ! போன மாதம் ஒரு போட்டோ போக அரை மணி நேரம் ஆனது. எல்லாம் என் ஒரு வரியின் மகிமை என்று என் முதுகில் நானே தட்டிக்கொண்டேன்.

ஏழு மணிக்கு ஜெபமாலை முடிந்ததும், வழக்கம்போல் மாமி கஸ்பாரின் போட்டோவைப் பார்த்து, "சாப்பிட்டியாப்பா?" என்று கேட்டார். கப்பலேறிய நாளிலிருந்து இது நடக்கிறது. கேட்டுவிட்டுச் சிறிது நேரம் பார்த்துக்கொண்டே இருப்பார். போட்டோ என்ன உம் கொட்டுமா என்று நான் கேலி செய்வேன். அவர் காதில் வாங்குவதில்லை.

ஜூலை 27

602, 590, 618. கிளம்பிவிட்டார்கள். துறைமுகத்தில் இருக்கும்போது இந்த எண் சாதுவாக இருக்கும். கடலுக்குள் போனதும் துள்ளும். கப்பல் ஆடினால் ஆன்டெனா ஆடும், எண்ணும் ஆடும்.

மாமி இப்போதெல்லாம் நான் செருப்பைக் கழற்றுவதற்குள், "இன்னைக்கு எவ்வளவு?" என்கிறார். தெருவில் யாராவது கேட்டால் சர்க்கரை அளவு என்று நினைப்பார்கள்.

ஜூலை 28

காலை 588. பத்து நிமிடத்தில் 660. பிறகு 631, 702, 645. கடல் மோசம். கஸ்பாருக்கு இந்நேரம் குமட்டும். இத்தனை வருடம் கடலில் இருந்தும் அவருக்குக் குமட்டல் போகவில்லை, வெளியில் சொல்ல மாட்டார்.

மதியத்துக்கு மேல் அடங்கிவிட்டது. 604.

ஜூலை 29

604. மாமிக்குக் கருவாடு வாங்கினேன்.

ஜூலை 30

604. நல்ல கடல்.

இந்த வாரத்துக்கான கஸ்பாரின் செய்தி இதற்குள் வந்திருக்க வேண்டும். வரவில்லை. கொடியேற்றத்தைப் பார்த்தீர்களா, குடைக்காரரைத் தெரிகிறதா என்று எழுதினேன். 'சேர்ந்தது.' பதில் இல்லை. அவர் வீட்டில் இருக்கும்போதே அப்படித்தான். என்ன கேட்டாலும் ஓர் உம், அதோடு சரி. கல்யாணமான புதிதில் இதற்காக எவ்வளவு சண்டை.

ஜூலை 31

604.

பர்வீனுக்குப் பதில் வந்திருக்கிறது. செயற்கைக்கோளுக்குச் செய்திகளை ஏற்றி அனுப்பும் தரை நிலையங்கள் இரண்டு. அதில் ஒன்றில் இந்த மாதம் ஒரு புதுப் பெட்டி வைத்திருக்கிறார்களாம். செய்தி அந்தப் பெட்டிக்கு வந்ததுமே, கப்பல் கொட்ட வேண்டிய உம்மைப் பெட்டியே கொட்டிவிடும். பிறகு சாவகாசமாகக் கப்பலுக்கு அனுப்பும். மழையிலும் புயலிலும் ஆன்டெனா விட்டுவிட்டு வேலை செய்தால்கூட வாடிக்கையாளருக்குத் தெரியவே தெரியாது என்று பெருமையாக எழுதியிருக்கிறார்கள். அந்த 38 இதுதான். இன்னொரு நிலையத்தில் பெட்டி கிடையாது, அங்கிருந்து வருவது கப்பலின் சொந்த உம்.

படித்ததும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எங்கள் வீட்டிலும் அப்படி ஒரு பெட்டி இருந்தது. கல்யாணமான புதிதில், ஞாயிற்றுக்கிழமை காலையில், அடுப்பைப் பார்த்துக்கொண்டே "ஏங்க, பால் வாங்கிட்டு வாங்க" என்பேன். அறைக்குள்ளிருந்து "ம்" என்று கேட்கும். அரை மணி நேரம் கழித்துப் போய்ப் பார்த்தால் கஸ்பார் குறட்டை விட்டுக்கொண்டிருப்பார். உம் சொன்னது அந்தப் பக்கம் துணி மடித்துக்கொண்டிருந்த மாமி. மகன் தூக்கமும் கெடக்கூடாது, எனக்கும் கோபம் வரக்கூடாது. நான் முறைத்தால், "கேட்டுட்டாம்மா, போ, வாங்கிட்டு வருவான்" என்பார். பால் ஒருநாளும் வந்ததில்லை.

இதைப் பர்வீனிடம் சொன்னேன். அவளும் சிரித்தாள். பிறகு, "அப்ப ஆளே வீட்டுல இல்லாட்டியும் உம் வரும்லாக்கா?" என்றாள்.

நல்லவேளை, என் வடிகட்டி அந்தப் பொய்களையெல்லாம் தூக்கி எறிந்துவிடுகிறது என்றேன். மிச்சம் நிற்பது எல்லாம் அசல்.

ஆகஸ்ட் 1

604.

மும்பைக் கம்பெனியின் அதிகாரி தொலைபேசியில் கூப்பிட்டார். ஒவ்வொரு கப்பலும் தினமும் மதியம் தான் இருக்கும் இடத்தைச் சொல்லி ஓர் அறிக்கை அனுப்ப வேண்டும். நீலமணியிலிருந்து நான்கு நாளாக வரவில்லை. கப்பல் இணைப்பில் இருக்கிறதா, இல்லையா, அதை மட்டும் சொல்லுங்கள் என்றார்.

திரையைப் பார்த்தேன். நீலமணிக்கு எதிரே பச்சை விளக்கு. பக்கத்தில் 604. இருக்கிறது என்றேன். நிச்சயமாகவா என்றார். அந்த நிரலை எழுதியதே நான்தான் என்றேன். அவருக்கு அது போதுமாக இருந்தது. அப்படியென்றால் மெயில் இயந்திரம்தான் மக்கர் செய்கிறது, போன மாதமும் இதே கதை என்றார். கப்பலுக்கு ஏதாவது ஆனால் தண்ணீர் பட்டதும் தானே மிதந்து வந்து கத்தும் கருவி ஒன்று இருக்கிறது, அதுவும் கத்தவில்லை, உங்கள் விளக்கும் பச்சை, அப்புறம் என்ன என்று சிரித்துவிட்டு வைத்தார்.

அந்தக் கருவியின் கூடு உடைந்து, அதைக் கயிறு போட்டுக் கட்டி வைத்திருப்பதாகக் கஸ்பார் ஜூன் மாதம் எழுதியிருந்தார். அதை அந்த அதிகாரியிடம் சொல்லவில்லை. அவர்கள் கப்பல், அவர்களுக்குத் தெரியாததா?

ஆகஸ்ட் 2

604. வீட்டில் பாத்திரமெல்லாம் இறக்கித் துலக்கினோம். திருவிழாவுக்கு மாமியின் அக்கா குடும்பம் வருகிறது. மெத்தை வெயிலில் போட்டு, தலையணை உறை மாற்றி, முதுகு ஒடிந்தது.

அலுவலகத்தில் பர்வீன் உயிரை எடுத்தாள். பச்சை விளக்கு எந்த உம் வந்தாலும் எரியும்தானே, அந்த எண் மட்டும்தானே வடிகட்டியைத் தாண்டி வருவது, கடைசியாகத் தாண்டி வந்தது எப்போது என்று ஒருதரம் பார்த்துவிடலாமா என்றாள். எனக்குக் கோபம் வந்துவிட்டது. நான் எழுதிய நிரலை எனக்கே பாடம் நடத்தாதே, உனக்குக் கொடுத்த வேலையைப் பார் என்றேன். அவள் முகம் சுருங்கிப் போய்விட்டது. அப்படிப் பேசியிருக்க வேண்டாம். நாளைக்கு அவளுக்கு மக்ரூன் வாங்கிக்கொண்டு போக வேண்டும்.

எண்ணின்மேல் அழுத்தினால் அளவுகள் புள்ளி புள்ளியாக வரும். அழுத்தினேன். கொஞ்சம் புள்ளிகள் வந்தன, அதற்குமேல் படம் வர நேரம் எடுத்தது. மூடிவிட்டேன். வீட்டில் மெத்தையை மழைக்கு முன்னால் எடுக்க வேண்டுமே.

மழை வரவில்லை.

ஆகஸ்ட் 3

604.

ஆகஸ்ட் 4

மணப்பாட்டிலிருந்து ஒரு பெண் கூப்பிட்டாள். பெயர் செல்வமேரி. நீலமணியில் அவள் கணவர் சமையல்காரர். கஸ்பார் அவரிடம் என் எண்ணைக் கொடுத்திருக்கிறார்.

"அக்கா, ஒங்க வீட்டுக்காரர்ட்ட இருந்து ஏதும் வந்துச்சா? நான் நித்தம் எழுதுதேன். சேர்ந்தது சேர்ந்ததுன்னு காட்டுது. ஒரு பதிலும் இல்ல."

எனக்கும் அப்படித்தான் என்றேன். மெயில் கோளாறு, கம்பெனியிலேயே சொன்னார்கள், இணைப்பு நன்றாக இருக்கிறது, நான் தினமும் பார்க்கிறேன் என்றேன். அவள் அழுதுகொண்டிருந்தாள் போலிருக்கிறது, மூக்கை உறிஞ்சுவது கேட்டது. நீங்க பாக்கியளா, நீங்களே பாக்கியளா என்று இரண்டு தடவை கேட்டாள். ஆமாம் என்றதும் அவளுக்கு மூச்சு வந்தது. அவளுக்கு இரண்டு பிள்ளைகளாம். சின்னது இன்னும் அப்பாவைப் பார்க்கவில்லை.

பிறகு வேலாயுதம் சாரும் சொன்னார், மும்பையிலிருந்து அவரிடமும் கேட்டார்களாம். என் வார்த்தையையே அவரும் சொன்னாராம்.

ஆகஸ்ட் 5

திருவிழா. ஊருக்கே விடுமுறை. மாமி புதுச் சேலை கட்டிக்கொண்டு காலைப் பூசைக்குப் போனார். நானும் போனேன். கூட்டம், வேர்வை, மல்லிகைப் பூ. எல்லோரும் பாடினார்கள். என் வாய் அசைந்தது.

மெழுகுவர்த்தி ஏற்றிவிட்டு மாமி என் பக்கம் திரும்பி எண்ணைக் கேட்டார். கைப்பேசியிலேயே பார்க்கும்படி வைத்திருக்கிறேன். பார்க்காமலே சொன்னேன். அறுநூற்று நான்கு.

"அப்ப நல்லாத்தான் இருக்கான்" என்று சொல்லிவிட்டு மாதாவைப் பார்த்துக் கும்பிட்டார். கூட்டத்தில் காற்றில்லை. வெளியில் வந்து கரும்புச் சாறு குடித்தேன்.

மாமியின் அக்கா குடும்பம் எட்டுப் பேர். பிரியாணி அடிப்பிடித்துவிட்டது. குறை சொல்லிக்கொண்டே எல்லோரும் சாப்பிட்டார்கள்.

ஆகஸ்ட் 6

எல்லோருக்கும் முன்னால் அலுவலகத்துக்குப் போனேன். டயர் கடை இன்னும் திறக்கவில்லை. கணினியைத் திறந்ததும் எண்ணைப் பார்க்கவில்லை. நேரே நிரலுக்குப் போய், அந்த ஒரு வரியை எடுத்துவிட்டேன். தூக்கி எறிந்த எல்லாவற்றையும் திரும்பக் கொண்டுவரச் சொன்னேன்.

38. 38. 38. 39. 38. 38.

கீழே போய்க்கொண்டே இருந்தேன். ஆகஸ்ட் ஐந்து முழுதும் 38. நான்கு முழுதும். மூன்று, இரண்டு, ஒன்று. ஜூலை 28 மதியம் வரைக்கும் போனால்தான் வேறு எண்கள் வருகின்றன. 645. 710. 733. அதன் பிறகு 604. அதற்குப் பின்னால் கடலிலிருந்து ஒன்றும் இல்லை. பெட்டியில்லாத வழியில் நாங்கள் அனுப்பிய எதற்கும் அதற்கப்புறம் பதிலில்லை. பதில் வராத வழியை விட்டுவிட்டுப் பதில் வரும் வழிக்கு மாறிக்கொள் என்று நிரலுக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறோம். அது சமர்த்தாக மாறிக்கொண்டது. எல்லாமே பெட்டிக்குப் போயிருக்கிறது. கடைசியாகக் கிடைத்த அசல் எண்ணை என் திரை பிடித்து வைத்துக்கொண்டது, புதிது வந்தால்தானே மாற்றும்? பெட்டியின் உம்மைக் கேட்டுக்கேட்டு விளக்கு பச்சையாகவே எரிந்திருக்கிறது.

துள்ளாத எண் என்றால் என்ன என்று என்னிடம் யாராவது நேர்காணலில் கேட்டிருந்தால் ஒரு நொடியில் சொல்லியிருப்பேன்.

பர்வீன் வந்தாள். பின்னால் நின்று பார்த்தாள். ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு என் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள். மக்ரூன் இன்னும் என் பையில்தான் இருந்தது.

வேலாயுதம் சார் பார்த்துவிட்டு இருமவில்லை. இன்னொரு தடவை சரிபார்த்துவிட்டு மதியத்துக்கு மேல் சொல்லலாம் என்றார். நான் அவர் முன்னாலேயே மும்பைக்குப் போன் போட்டேன். நீலமணி இணைப்பில் இல்லை என்றேன். எப்போதிலிருந்து என்றார் அந்த அதிகாரி. இருபத்தெட்டாம் தேதி மதியத்திலிருந்து என்றேன். நீங்கள் ஒன்றாம் தேதி இருக்கிறது என்றீர்களே என்றார். ஆமாம் என்றேன். உங்களுக்கு எப்போது தெரிந்தது என்றார்.

இன்றைக்குத்தான் என்றேன்.

ஒன்றாம் தேதியே தேடப் போயிருக்கலாம் என்று மட்டும் சொல்லிவிட்டு வைத்துவிட்டார்.

வீட்டுக்கு வந்தேன். செருப்பைக் கழற்றும்போது மாமி கேட்டார். 604 என்றேன்.

ஆகஸ்ட் 7

விமானமும் இரண்டு கப்பல்களும் தேடுகின்றனவாம். கடலில் நீளமாக எண்ணெய் படர்ந்த இடம் ஒன்று இருக்கிறதாம். உறுதியாகும் வரைக்கும் குடும்பங்களுக்குச் சொல்ல வேண்டாம் என்று மும்பையிலிருந்து சொல்லியிருக்கிறார்கள். என்னிடம் அதைச் சொன்ன பெண்ணுக்கு நானும் ஒரு குடும்பம் என்று தெரியவில்லை.

செல்வமேரி மூன்று தடவை கூப்பிட்டாள். எடுக்கவில்லை.

தரை நிலையத்துக்காரர்களிடம் கேட்டுப் பெட்டிக்குள் என்ன இருக்கிறது என்ற விவரம் வாங்கினாள் பர்வீன். கப்பலுக்குக் கொடுக்க முடியாமல் அடுக்கி வைத்தவை. மும்பையின் கேள்விகள். இருபத்தெட்டாம் தேதி மதியத்துக்கு மேல் போன வானிலை எச்சரிக்கை. செல்வமேரியின் செய்திகள். என் குடைக்காரர் கேள்வி. எல்லாவற்றுக்கும் முன்னால், பெரிய கோப்பு என்பதால் சாவகாசமாக அனுப்பலாம் என்று ஒதுக்கி வைத்திருந்த ஒன்று, ஜூலை 26. கொடியேற்றம். அதைக் கஸ்பார் பார்க்கவே இல்லை.

பெட்டியை நிறுத்தட்டுமா என்று கேட்டிருக்கிறார்கள். நேரத்தை அளக்க நாங்கள் அனுப்பும் செய்தி பத்து நொடிக்கு ஒருமுறை இன்னும் போய்க்கொண்டிருக்கிறது, அதற்குப் பெட்டி இன்னும் உம் கொட்டிக்கொண்டிருக்கிறது. நிறுத்தச் சொல்லுங்கள் என்றார் சார். நாளைக்கு நிறுத்தலாம் என்றேன். அவர் என்னைப் பார்த்தார். சரி என்றார்.

ஆகஸ்ட் 8

ஓர் உயிர்காப்பு மிதவை கிடைத்திருக்கிறது. காலி. கப்பலின் பெயர் எழுதியிருக்கிறது. இருபத்திரண்டு பேரில் யாரும் இல்லை. நாளைக் காலையில் கம்பெனியிலிருந்து எல்லா வீடுகளுக்கும் ஆள் வருவார்கள். எங்கள் வீட்டுக்கும்.

சாரும் பர்வீனும் என்னை வீட்டில் கொண்டுவந்து விடுவதாகச் சொன்னார்கள். வேண்டாம், மாமிக்குச் சந்தேகம் வந்துவிடும் என்று பஸ்ஸிலேயே வந்தேன். வழியில் பால் வாங்கினேன். கடைக்காரர் சில்லறை இல்லை என்று மிட்டாய் கொடுத்தார், அதையும் வாங்கிக்கொண்டேன். செல்வமேரியிடமிருந்து இன்னும் இரண்டு அழைப்புகள்.

மாமி வாசலில் நிற்கவில்லை. "இன்னைக்கு எவ்வளவு?" என்ற கேள்வியும் இல்லை. அடுக்களையில் கடலைக்குழம்பு கொதித்துக்கொண்டிருந்தது. திருவிழாவுக்கு வந்த அக்கா வீட்டிலிருந்து யாராவது ஏதாவது சொன்னார்களா என்று கேட்டுப் பார்த்தேன். யாரும் கூப்பிடவில்லை என்றார். என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார். தொலைபேசி எப்போதும் இருக்கும் இடத்தில் இல்லை, அவர் தலையணைக்குப் பக்கத்தில் இருந்தது.

ஏழு மணிக்கு ஜெபமாலை சொன்னார். நான் உள்ளறையில் துணி மடித்துக்கொண்டிருந்தேன். கஸ்பாரின் இரண்டு சட்டைகளும் அதில் இருந்தன, திருவிழாவுக்கு முன்னால் நான்தான் பெட்டியிலிருந்து எடுத்துத் துவைத்துப் போட்டேன், வீணாக மக்கிப் போகிறதே என்று. ஜெபமாலையின் கடைசி மணி வரைக்கும் மாமியின் குரல் ஒரே சீராக இருந்தது. பிறகு நாற்காலியைப் போட்டோவின் பக்கம் இழுக்கும் சத்தம் கேட்டது.

"சாப்பிட்டியாப்பா?"

மற்ற நாட்களில் சிறிது நேரம் பார்த்துவிட்டு எழுந்துவிடுவார். இன்று எழவில்லை. காத்துக்கொண்டிருந்தார். நாளைக் காலையில் ஆள் வருவதற்கு இன்னும் ஓர் இரவு இருக்கிறது. சட்டையை மடியில் வைத்துக்கொண்டு நானும் காத்திருந்தேன். அந்த அறையிலிருந்து வேறு எதுவும் வரவில்லை. என்னால் அதற்குமேல் பொறுக்க முடியவில்லை.

"ம்" என்றேன்.

மாமி திரும்பிப் பார்க்கவில்லை. யார் சொன்னது என்றும் கேட்கவில்லை. "கேட்டுட்டான்" என்று மெதுவாகச் சொல்லிவிட்டு, மெழுகுவர்த்தியை அணைத்து, எனக்குச் சோறு போட எழுந்து போனார்.